கொக்கனேந்தலில் விலையில்லா மென்பொருள் வழங்கு விழா

சும்மா கிடைக்கிற பொருள் எதுவும் சும்மா கிடைத்துவிடக் கூடாது என்பது நம் சீமையில் நெடுங்காலமாகப் போற்றிவரும் நெறி. பந்தல் போட வேண்டும், மைக் செட்டு கட்ட வேண்டும், டோக்கன் கொடுத்து ஜனத்தை வெயிலில் உட்காரவைக்க வேண்டும். முக்கியஸ்தர் ஒருவர் மத்தியானச் சோற்று வேளைக்கு வந்துசேர்ந்து, பொருளின் ஒரு முனையை அவர் பிடிக்க, மறு முனையை நாம் பிடிக்க, இருவரும் பொருளைப் பாராமல் கேமராவைப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால்தான் அது இலவசம். மேடை ஏறாமல் வீட்டுக்கு வந்துசேர்ந்த பொருளுக்கு நம் ஊரில் வேறு பெயர்.

கஸ்தூரி இந்த நெறியெல்லாம் அறியாதவள் இல்லை. திருச்சுழிக்குத் தெற்கே கொக்கனேந்தலில் கரிசக்காடும் கிணறும் உள்ள சம்சாரி வீட்டுப் பொம்பளை. மிக்ஸிக்குப் போய் நின்றிருக்கிறாள், பேனுக்குப் போய் நின்றிருக்கிறாள். ஆனாலும் விதி யாரை விட்டது? ஒரு சனிக்கிழமைக் காலையில், அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருக்கும்போது, மகள் பேச்சைக் கேட்டு, வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு இலவச ஆபீஸ் மென்பொருளைத் தன் கையாலேயே இறக்கிவிட்டாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எல்லாம் பஸ்ஸால் வந்த வினை.

கொக்கனேந்தலுக்குக் காலையில் ஒரே ஒரு பஸ்ஸு, அருப்புக்கோட்டை டவுனுக்குப் போவது. பொங்கலுக்கு முந்தி நின்றது, நின்றதுதான். மகள் கிருஷ்ணப்ரியா டவுனில் காலேஜ் இரண்டாம் வருசம். வேலிக்கருவைக்கு நடுவே மண்ரோட்டில் நடந்து, மெயின்ரோட்டு விலக்குக்குப் போய், அங்கே வருகிற ஏதாவது பஸ்ஸில் தொத்திக்கொண்டு காலேஜ் வாசலை மிதிப்பதற்குள் பாதி நாள் பாடம் முடிந்துபோகும். அட்டெண்டன்ஸ் இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது என்று வீட்டுக்குப் போன் வந்துவிட்டது.

அந்தப் போனை எடுத்தவர் வீட்டுக்காரர் வெள்ளத்துரை. எடுத்த கையோடு தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

"ஆடி வரைக்கும் பாப்பேன். பஸ்ஸு வந்தா படிக்கட்டும். வரலைன்னா எங்க அக்கா மகன் காத்துக்கெடக்கான், தாலியக் கட்டிக் கூட்டிட்டுப் போகட்டும்."

"ஒங்க அக்கா மகன் எங்கயும் ஓடிப்போயிர மாட்டான். அவனுக்கும்தான் பஸ்ஸு இல்லையே" என்றாள் கஸ்தூரி. தனக்கு அமையாத படிப்பு, மகளுக்காவது அமையட்டும் என்று மிளகாய்க்காட்டில் முதுகை ஒடித்தவள் அவள்.

மனுக் கொடுக்கலாம் என்று வேர்க்க விறுவிறுக்க பஸ்ஸு ஆபீஸுக்குப் போனாள். அங்கே புதுசாக ஒரு போர்டு தொங்கியது: 'காகிதமில்லா அலுவலகம்.' ஜன்னலுக்குள் இருந்தவர் அவள் கையிலிருந்த காகிதத்தை, செத்த எலியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இதெல்லாம் இப்ப வாங்குறதில்லம்மா. ஆபீஸ் மென்பொருள்ல அடிச்சு ஈமெயில்ல அனுப்புங்க. அனுப்புனதை மூணு பிரிண்ட் எடுத்துக் கொண்டாந்து குடுங்க."

"செல்போன்ல அடிச்சு அனுப்புனா ஆகாதா சார்?"

"செல்போன்ல அடிச்சா மனுவுக்கு ஒரு கம்பீரம் வராதும்மா."

டவுனிலேயே எங்காவது டைப் அடித்துவிட்டு வரலாமென்றால், கடையில் அவள் முறை வருமுன்னே விலக்கு வழியாகப் போகிற கடைசி வண்டியைப் பிடித்தாக வேண்டும். பஸ்ஸு ஒழுங்காக இருந்தால் மனு எதற்கு? காலேஜில் அடிக்கலாமென்றால், இன்ஸ்பெக்சனுக்கு வருகிறவர்கள் பார்க்கும்போது புத்தம் புதுசாக இருக்க வேண்டும் என்று அங்கே கம்ப்யூட்டர் ரூமைப் பூட்டி வைத்திருந்தார்கள். ஆகவே வீட்டுக் கம்ப்யூட்டரே கதி என்று ஆயிற்று.

கம்ப்யூட்டர் என்னவோ வீட்டில் இருந்தது. மதுரையில் இருக்கும் தம்பி புதுசு வாங்கியபோது, பழசை அக்காளுக்குச் சீர் என்று சொல்லி இறக்கிவிட்டுப் போனது. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பதும், விருந்தாளி வந்தால் மேலே கிடக்கும் பூப்போட்ட துணியை விலக்கிக் காட்டுவதும்தான் அதற்கு வேலை. அதில் ஆபீஸ் மென்பொருள் இல்லை. மகள் நெட்டில் தேடி ஒன்றைக் கண்டுபிடித்தாள்.

"காசு கட்டணுமாடி?"

"இல்லம்மா, இது இலவசம். யாரு வேணும்னாலும் எறக்கிக்கிறலாம். இந்தா, இதை அமுக்கு."

கஸ்தூரி அமுக்கினாள். ஒரு பச்சைக் கோடு மெள்ள மெள்ள நகர்ந்து முடிந்தது. தாயும் மகளும் சந்தோசமாக ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு மச்சில் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்த குருவம்மாள், அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக் கையிலிருந்த சொளகைக் கீழே வைத்தாள்.

"கஸ்தூரி! எது இலவசம்?"

"ஒண்ணுமில்ல மதினி, கம்ப்யூட்டருக்குள்ள போடுற ஒரு சாமான்."

"எப்பக் குடுத்தாக?"

"யாரும் குடுக்கல மதினி. நாமளே எடுத்துக்கிறது."

"நீங்களே எடுத்துக்கிட்டீகளா? அப்ப எங்களுக்கு?"

"ஒங்க வீட்லதான் கம்ப்யூட்டரே இல்லையே!"

"ஏன்டி, கரண்டே இல்லாத தோட்டத்து வீட்டுக்கு பேன் குடுக்கலையா? வாங்கி வச்சுக்கிறலையா? கம்ப்யூட்டர் இல்லைன்னா ஒரு சாமான் குடுக்கப்படாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

கஸ்தூரி பதில் சொல்லியிருந்தாலும் கேட்க ஆளில்லை. குருவம்மாள் அதற்குள் படியிறங்கிவிட்டாள்.

பொழுது உச்சிக்கு வருமுன் ஊரே விலக்கில் போய் மறியல் உட்கார்ந்துவிட்டது. வெள்ளத்துரை வீட்டுக்கு மட்டும் திருட்டுத்தனமாக இலவசம் வந்துவிட்டதாம். கஸ்தூரி தலைதெறிக்க ஓடிவந்து நடுரோட்டில் நின்று கேட்டாள்.

"ஏம்ப்பா, பஸ்ஸு நின்னு எம்புட்டு நாளாச்சு! ஒருத்தராச்சும் இப்பிடி வந்து உக்காந்தீகளா?"

"அது வேற, இது வேற கஸ்தூரி" என்றாள் குருவம்மாள், சம்மணம் கலையாமல். "பஸ்ஸு எல்லாருக்குந்தான் இல்லாமப் போச்சு. அதுல என்ன குத்தம் இருக்கு? இது ஒன் ஒருத்திக்கு மட்டும் கெடச்சிருக்கு. இது அநியாயம்ல?"

கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. வெள்ளத்துரையும் கூட்டத்தோடு கூட்டமாக ஆமாம் போட்டார். பிறகுதான் தன் வீட்டைப் பற்றிய பேச்சு என்று ஞாபகம் வந்து எழுந்துகொண்டார்.

மறுநாள் காலையில் ஒரு ஜீப்பு வந்து வாசலில் நின்றது. இறங்கியவர் பெயர் சங்கரலிங்கம். விலையில்லாப் பொருள்கள் வழங்கல், கண்காணித்தல் மற்றும் புகைப்படமெடுத்தல் பிரிவின் அலுவலர். இவரிடம் ஒரு விசேசம் என்னவென்றால், வீட்டில் ரசம் கேட்பதானாலும் சுற்றறிக்கை பாஷையில்தான் கேட்பார். கம்ப்யூட்டருக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

"மேற்படி பொருளை எங்கிருந்து இறக்கினீர்கள்?"

"நெட்டுல இருந்து சார்."

"வாகன எண்?"

"வாகனமெல்லாம் இல்ல சார். அதுவா வரும்."

"எடை?"

"எடையே கெடையாது சார்."

சங்கரலிங்கம் நிமிர்ந்தார். அவர் கண்ணில் லேசாகப் பயம் தெரிந்தது. "எடையில்லாத பொருளை எப்படி அம்மா இருப்பில் வைப்பது? இருப்பில் இல்லாததை எப்படி வழங்குவது? வழங்காததை நீங்கள் எப்படிப் பெற்றீர்கள்?"

"தப்புன்னா அழிச்சுப்புடுறேன் சார். ஒரு அமுக்குல போயிரும்."

"ஐயையோ, தொட்டுவிடாதீர்கள்! அரசுச் சொத்தை அழித்த குற்றம் சேர்ந்துகொள்ளும்."

"இது அரசாங்கத்துது இல்லையே சார். வெளிநாட்டுல ஆரோ நாலு பேரு உக்காந்து செஞ்சு, ஊருக்கெல்லாம் சும்மா குடுக்குறாக."

"சும்மாவா? எதிர்பார்ப்பே இல்லாமலா?" என்று கேட்டார் சங்கரலிங்கம். "முப்பது வருட சர்வீஸில் அப்படி ஒரு பிரகிருதியை நான் கண்டதில்லை. இலவசம் என்றாலே அது அரசுடையது. இடையில் யாரோ நாலு பேர் திருடி வெளிநாடு கொண்டுபோயிருக்கிறார்கள். அதைப் பிறகு விசாரிப்போம். இப்போது, முறைப்படி விழா நடத்தி வழங்கும்வரை தாங்கள் மேற்படி பொருளைப் பயன்படுத்தலாகாது."

சொல்லிவிட்டு, பூப்போட்ட துணியாலேயே கம்ப்யூட்டரைச் சுற்றிக் கட்டி, முடிச்சில் அரக்கைக் காய்ச்சி ஊற்றி முத்திரை வைத்தார். உள்ளே கஸ்தூரியின் மனு இருந்தது. 'ஐயா, கொக்கனேந்தல் கிராமத்துக்கு' என்பது வரைக்கும் அடித்திருந்தாள்.

"சார், எம் புள்ள படிப்பு சார்" என்றாள் கஸ்தூரி.

"கவலற்க. பயனாளிகளின் நலனே பிரிவின் நலன்" என்றார் சங்கரலிங்கம். ஜீப்பு கிளம்பிப் போனது.

விழா நடந்தது. அடடா, அதைச் சொல்ல வேண்டுமே! காளியம்மன் கோயில் பொட்டலில் பந்தல். விலக்கிலிருந்து ஊர்வரைக்கும் பேனர். 'மென்பொருள் தந்த மேன்மையே' என்று பேனர் வாழ்த்திய முக்கியஸ்தரின் பெயரைச் சொல்ல மாட்டேன். பெயரைச் சொன்னால் அதற்கு முன்னால் வரும் பட்டங்களையும் சொல்ல வேண்டும், கதைக்கு இடம் போதாது. வீட்டுக்கு ஒன்றாக வழங்குவதற்கு அட்டைப்பெட்டி செய்து கொண்டுவந்திருந்தார்கள். முக்கியஸ்தர் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னய்யா, உள்ளே ஒண்ணுமில்லையே?" என்று காதைக் கடித்தார்.

"எடையில்லாப் பொருள், ஐயா. காலியாக இருந்தால்தான் நிறைந்திருக்கிறது என்று பொருள்" என்றார் சங்கரலிங்கம்.

முக்கியஸ்தருக்கு அது உடனே விளங்கிவிட்டது. அவர் பேச்சும் அப்படித்தான் இருந்தது.

வாங்கிக்கொண்டு போன ஜனம் பெட்டியை ஆட்டிப் பார்த்தது, காதில் வைத்துப் பார்த்தது. மேலத்தெருப் பெட்டியில் கொஞ்சம் கூடுதலாக இருப்பதாகக் கீழத்தெருவில் பேச்சு கிளம்பியது. இரண்டு பெட்டியையும் திறந்துவைத்து, இரண்டிலும் சமமாக ஒன்றுமில்லை என்று சங்கரலிங்கம் நிரூபித்த பிறகே கூச்சல் அடங்கியது. குருவம்மாள் தன் பெட்டியில் வத்தலைக் கொட்டி மூடினாள். "என்ன சொல்லு கஸ்தூரி, நல்ல கெட்டி அட்ட" என்றாள்.

ஊரிலேயே கம்ப்யூட்டர் உள்ள ஒரே வீடு என்பதால், கஸ்தூரியை 'மாதிரிப் பயனாளி' என்று மேடையில் ஏற்றி, டர்க்கி டவல் விரித்த நாற்காலியில் உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் உட்கார்ந்து ஊரே நின்று பார்த்தது அன்றைக்குத்தான். கோபத்தோடுதான் உட்கார்ந்தாள். ஆனாலும் உட்கார்ந்தாள். டவல் மெத்தென்று இருந்தது.

மேடையிலிருந்து இறங்கும்போதுதான் பொட்டல் ஓரத்தில் நின்ற பஸ்ஸைக் கண்டாள். எங்கேயோ பார்த்த பஸ்ஸு மாதிரி இருக்கிறதே என்று கிட்டப் போனாள். முன்கண்ணாடியில் கீறல், படிக்கட்டில் ஒடுக்கு. சாட்சாத் கொக்கனேந்தல் காலைப் பஸ்ஸேதான்! டிரைவர் அய்யப்பன் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"ஏன் தம்பி, இந்தப் பஸ்ஸு இங்க எப்படி வந்துச்சு?"

"கூட்டம் ஏத்திட்டு வந்தேங்கா. விழான்னா கைதட்ட ஆளு வேணும்ல? பொங்கலுக்கு முந்தி இருந்தே இதை விழா டூட்டிக்குப் போட்டுட்டாக. ஒருநா காரியாபட்டி, ஒருநா வீரசோழன். தெனமும் எங்கயாச்சும் எதையாச்சும் குடுத்துக்கிட்டுத்தான இருக்காக."

கஸ்தூரி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். பஸ்ஸு கேட்டு மனு அடிக்க மென்பொருள் வேண்டும். மென்பொருளுக்கு விழா வேண்டும். விழாவுக்கு இந்தப் பஸ்ஸு வேண்டும். பூனை தன் வாலைத் தானே துரத்துகிற கதைதான். ஆத்திரத்தோடு வீட்டுக்கு வந்து, விழா முடிந்ததும் முத்திரையை உடைத்துக் கொடுத்திருந்த கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தாள். இன்றைக்கு மனுவை அடித்து முடிக்காமல் எழுந்திருப்பதில்லை என்று வைராக்கியம்.

திரையில் ஒரு சின்னக் கட்டம் எழுந்து நின்றது. 'புதிய பதிப்பு வந்துள்ளது. புதுப்பிக்கவா?'

"அம்மா, அப்பறமாங்கிறதை அமுக்கு" என்றாள் கிருஷ்ணப்ரியா.

அதற்குள் வெள்ளத்துரை நுழைந்துவிட்டார். மாதிரிப் பயனாளியின் புருசன் என்று டீக்கடையில் ஊரே எழுந்து இடம் கொடுத்த மிதப்பில் இருந்தார். "என்னது, பழசா? நம்ம வீட்லயா? ஊரு என்ன பேசும்?" என்று கேட்டுக்கொண்டே வந்து, ஒரே அமுக்கு. அதோடு விடவில்லை. 'இனிமேல் தானாகவே புதுப்பித்துக்கொள்ளவா?' என்று கேட்டதற்கும் ஒரு அமுக்கு. பச்சைக் கோடு விடியும்வரை நகர்ந்தது; அதற்குள் புதுப் பதிப்பின் பெருமையை அவர் டீக்கடையில் சொல்லியாயிற்று.

சங்கரலிங்கம் மறுநாளே அரக்கோடு வந்துவிட்டார். "புதிய பதிப்பு என்பது புதிய பொருள். புதிய பொருளுக்குப் புதிய விழா. பழைய பொருளைப் பயனாளிகள் பழுதின்றித் திருப்பி ஒப்படைக்க வேண்டும்."

ஊரில் பெட்டிகளைத் தேடினால், ஒன்றில் மல்லி, ஒன்றில் வத்தல், ஒன்றில் பேரப்பிள்ளை உட்கார்ந்து கார் ஓட்டிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்த்து வாங்கிவிட்டார்கள். முனீஸ்வரி வீட்டுப் பெட்டியில் மட்டும் கோழி அடை கிடந்தது. கோழியை எழுப்பப் போன உதவியாளர் கையில் ரத்தத்தோடு திரும்பினார். ஒரு பெட்டி குறைந்தாலும் கணக்கு நேராகாது. ஆகவே 'அடைகாத்தல் நிமித்தம் விழா ஒத்திவைக்கப்படுகிறது' என்று ஆணை வெளியிட்டார் சங்கரலிங்கம். குஞ்சு பொரித்து இறங்கும்வரை, பிரிவின் அலுவலர்கள் முறைபோட்டு வந்து கோழியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நம் நாட்டில் குறித்த காலத்தில் ஒரு வேலை முடிந்தது என்றால் அது அந்தக் கோழி செய்ததுதான்.

ஆடி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. வெள்ளத்துரையின் அக்காள் இரண்டு முறை வந்து பெண்ணை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனாள். கஸ்தூரி யோசித்தாள். மனு அடிக்க வழியில்லை. ஆனால் விழா நிச்சயம். விழா என்றால் பஸ்ஸு நிச்சயம். இரண்டாவது விழாவுக்கு நாள் குறிக்க வந்த சங்கரலிங்கத்தை மோர் கொடுத்து உட்காரவைத்தாள்.

"சார், பொட்டல்ல ஒங்களுக்கெல்லாம் வெயிலு. விழாவ அருப்புக்கோட்டையில ஏசி மண்டபத்துல வச்சா என்ன?"

"நல்ல யோசனை. பயனாளிகள் எப்படி வருவார்கள்?"

"அதான் பஸ்ஸு இருக்குல்ல சார். அங்கிட்டுக் கூட்டத்த இங்கிட்டுக் கொண்டாராம, இங்கிட்டுக் கூட்டத்த அங்கிட்டுக் கொண்டுபோங்க. காலையில வெள்ளன."

சங்கரலிங்கம் மோரை வைத்துவிட்டு எழுந்து நின்றே அதை ஆமோதித்தார்.

தானாகப் புதுப்பித்துக்கொள்ளச் சொல்லி வெள்ளத்துரை அமுக்கினாரே, அது தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. ஒரு நாள் எழுத்து மாறும், மறுநாள் அகராதி வளரும், அதற்கு மறுநாள் நேற்று திருத்தியதைத் திருத்தும். ஒவ்வொன்றும் ஒரு புதிய பொருள், ஒவ்வொன்றுக்கும் ஒரு விழா. சீக்கிரத்திலேயே விழா தினசரி ஆகிவிட்டது. அரக்குக்கு ஒதுக்கிய நிதி தீர்ந்துபோனதால், கம்ப்யூட்டருக்கு முத்திரை வைத்து உடைத்ததாகவே கருதிக்கொள்ளலாம் என்று மேலிடத்தில் அனுமதி வாங்கிவிட்டார்கள்.

காலையில் பஸ்ஸு வந்தது! அருப்புக்கோட்டைக்கே போனது! கையில் காலிப்பெட்டி இல்லாதவர்கள் மட்டும் ஏறக் கூடாது. பெட்டியைக் கொடுத்து, பெட்டியை வாங்கி, சாயங்காலம் பெட்டியோடு ஊர் திரும்பும். பாலவனத்தத்துக்காரர்கள் எங்களுக்கும் எடையில்லாப் பொருள் வேண்டும் என்று மறியலில் உட்கார்ந்துவிட்டதாகக் கேள்வி. தங்கள் ஊரில் நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த ஒரு பஸ்ஸை அவர்களே விழா டூட்டிக்கு எடுத்துக் கொடுத்தார்களாம்.

கஸ்தூரிக்கு மனம் குளிர்ந்தது. ஆடியில் வெள்ளத்துரை வாய் திறக்கவில்லை. ஆவணியிலும் திறக்கவில்லை. ஒரே ஒரு சின்னச் சங்கடம். கிருஷ்ணப்ரியாவும் பயனாளி. பயனாளி என்றால் முக்கியஸ்தர் வரும்வரை மண்டபத்தில் உட்கார வேண்டும், வந்தபின் கைதட்ட வேண்டும். வெளியே வரும்போது காலேஜ் விட்டிருக்கும். அதற்கும் சங்கரலிங்கம் வழி கண்டுபிடித்தார். விழாவில் கலந்துகொள்வது களப்பயிற்சியாகக் கருதப்படும் என்று காலேஜோடு பேசி முடித்துவிட்டார். அட்டெண்டன்ஸ் நூற்றுக்கு நூறு! பரீட்சையிலும் பிள்ளை பாஸ். எந்தப் பாடத்தில் என்று மட்டும் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

தினசரி விழா தொடங்கி ஒரு வருசம் முடியப்போகும் ஒரு காலையில், கிருஷ்ணப்ரியா பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு தாயின் முன்னால் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"அம்மா, புதுப் புத்தகம் வாங்குனது வாங்குனபடி இருக்கு. பிரிச்சே பாக்கல. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் கைதட்டுறது ஒண்ணுதான். எனக்குப் படிக்கணும்மா. கம்ப்யூட்டர் இப்ப சும்மாதான இருக்கு? அந்த மனுவ அடிச்சு அனுப்பும்மா. நெசமான பஸ்ஸு கேளு."

கஸ்தூரிக்கு நெஞ்சு குறுகுறுத்தது. பெற்ற வயிறு இல்லையா? "நீ போயித் தலையச் சீவு, நான் அனுப்பிட்டு வாரேன்" என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். 'ஐயா, கொக்கனேந்தல் கிராமத்துக்கு' என்று பழைய மனு அப்படியே கிடந்தது. விறுவிறுவென்று அடித்தாள். கல்யாணத்துக்கு முந்தி டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணிய விரல் எதையும் மறக்கவில்லை. மனு முடிந்தது. கீழே பெயரும் போட்டாயிற்று.

அனுப்பப்போகும்போதுதான் ஒரு யோசனை குறுக்கே வந்தது. இருப்பது ஒரே பஸ்ஸு. அதை நெசமான பஸ்ஸாக விட்டுவிட்டால் விழாவுக்கு எது போகும்? விழா இல்லையென்றால் மாதிரிப் பயனாளி யார்? டர்க்கி டவல் நாற்காலி? கொடியில் மேடைக்கென்று எடுத்த பட்டுச்சேலை தொங்கியது. அலமாரி நிறையப் பொன்னாடை. குருவம்மாள் மதினி இப்போதெல்லாம் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை, அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள்.

"அம்மா, பஸ்ஸு வந்துருச்சும்மா! பெட்டிய எடுத்துக்கிட்டு வாங்க, மேடையில தேடுவாக!" என்று குருவம்மாள் தெருவிலிருந்து கூப்பாடு போட்டாள்.

கஸ்தூரி மனுவை மூடினாள். 'சேமிக்கவா?' என்று கேட்டது கம்ப்யூட்டர். 'வேண்டாம்' என்பதை அமுக்கிவிட்டு எழுந்து, கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்தாள்.

"அனுப்பிட்டியாம்மா?" என்றாள் கிருஷ்ணப்ரியா, ஆவலாக.

கஸ்தூரி தொண்டையைச் செருமினாள். பிறகு பிசிறில்லாமல் பதில் சொன்னாள்.

"தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது."

கிருஷ்ணப்ரியா அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். பாவம், என்னவோ கேட்க வாயெடுத்தாள். ஆனால் ஒரு வருசப் பழக்கம் சும்மா விடுமா? கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினாள்.